வீட்டில் எல்லாம் சுகம்தான்

நான் ஆபீசில் மயங்கி விழுந்துவிட்டேன் என்று திருவனந்தபுரம் ஆரியசாலை மார்க்கெட் முழுக்கப் பேச்சு. பொய். மயங்கி விழுந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஃபைலில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது கை நின்றுபோனது. பேனா இருக்கிறது, காகிதம் இருக்கிறது, என்ன எழுத வேண்டும் என்பதும் தெரியும். ஒரு எழுத்து வரவில்லை. அப்புறம் மூச்சும் வரவில்லை. நாற்பத்தாறு வயதுக்காரி, இருபத்தோரு வருஷ சர்வீஸ் உள்ளவள், மொத்த செக்‌ஷனும் பார்க்க வாய்விட்டு அழுதேன். சூப்பிரண்டு, பாவம், தானே ஓடிப்போய் சோடா வாங்கி வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இதயம் குத்துக்கல்லாக இருந்தது. அங்கிருந்து மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் பத்து நிமிஷம் பேசிவிட்டு, இது மன அழுத்தம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஒரு மாத்திரை, ஆறு வாரம் லீவு, நான்கு முறை கவுன்சலிங். கவுன்சலரின் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் வேலைக்குத் திரும்ப ஃபிட்னஸ் சர்டிபிகேட் தருவேன் என்றார். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் எனக்கு உறைத்தது. அந்த நாற்காலிக்கு ஒரு கை ஆடும், மழை பெய்தால் ஜன்னல் வழியே சாரல் அடிக்கும். இருந்தாலும் உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான். எப்படியாவது திரும்பிப் போய் அதில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அது ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் என்னைப் பெண் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். கணவர் வீட்டார் திருநெல்வேலிக்காரர்கள். ஆரியசாலையில் வத்தல், பருப்பு, ஏலக்காய் மொத்த வியாபாரம். ஆண்பிள்ளைகள் எல்லாரும் பத்தாம் வகுப்புவரை ஊரில் படித்துவிட்டு நேரே கடைக்கு வந்தவர்கள். மலையாளம் பேசுவது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. படிக்கச் சொன்னால் பஸ் போர்டோடு சரி. நான் திருவனந்தபுரத்திலேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பெண் பார்க்க வந்த அன்று என்னை யாரும் பாடச் சொல்லவில்லை. மாமனார் சட்டைப் பையிலிருந்து கார்ப்பரேஷன் நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதுல என்ன எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். படித்துச் சொன்னேன். என்ன பதில் எழுதலாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்த மாதமே தட்டு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று தொடங்கியது. கடை லைசென்ஸ், வீட்டு வரி, மின்சார ஆபீசுக்கு மனு, தண்ணீர் வரவில்லை என்று புகார், மாமனாருக்கு வியாபாரிகள் நல நிதி ஓய்வூதியம், அவர் போன பிறகு வாரிசுச் சான்றிதழ். வீட்டோடு நின்றால் பரவாயில்லை. பக்கத்துக் கடைக்காரர், அவர் மச்சினன், பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் இருக்கிற தூரத்து உறவு என்று யாருக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு காகிதம் வந்தாலும் அது மடிப்பு கலையாமல் என் கைக்கு வரும். என் கொழுந்தனின் பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள், இரண்டாவது மொழியாக ஹிந்தி எடுத்துக்கொண்டு. "கவர்மென்ட் மலையாளம் எங்களுக்கு மனசிலாகாது பெரியம்மா" என்று தோளைக் குலுக்குவார்கள். நான் பெற்ற ஒருவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். அவன் மட்டும்தான் எனக்குக் காகிதம் அனுப்பாதவன்.

இத்தனைக்கும் யாரும் என்னை அதட்டியதில்லை. அதட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். "உனக்கு அஞ்சு நிமிஷ காரியம்தானே" என்று சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள். அடுக்களையில் நீட்டுவார்கள், குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது நீட்டுவார்கள். ஆபீசில் இருக்கும்போது காகிதத்தை போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு போன் செய்வார்கள். கை நின்றுபோன அன்று மதியத்துக்குள் பதினொரு அழைப்பு. பதினொன்றாவது என் கணவர். கடைக்கு எதிரே சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு ஒரு மனு, இன்றைக்கே வேண்டும் என்றார். சரி என்றுதான் சொன்னேன். அந்தச் சரிக்குப் பிறகுதான் கை எழுதவில்லை.

ஆபீசிலும் மன அழுத்தத்தை ஒழிக்க ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். கவலையை அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஊதி, உடைக்க வேண்டுமாம். ஓய்வு பெற எட்டு மாசம் இருக்கிற பியூன் உட்பட எல்லாரும் உடைத்தோம். ரப்பர்த் துண்டுகளைப் பெருக்கியது கூட்டுகிற அம்மா. அவளுக்கு பலூன் தரவில்லை. அரை நாள் இப்படிப் போனதால் அடுத்த மூன்று நாள் ஆறு மணிவரை உட்கார்ந்து வேலை பார்த்தோம்.

கவுன்சலிங் சென்டர் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேல் மாடியில் இருந்தது. மாடிப்படி லாட்ஜின் வரவேற்பு மேசையைத் தாண்டித்தான் போகும். முதல் நாள் அங்கே இருந்தவன் என்னையும் என் கணவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சிங்கிளோ டபிளோ?" என்று கேட்டான். என் கணவருக்கு முகம் செத்துப்போயிற்று. அந்த ஏரியாவில் பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். அதனால்தான் வீட்டிலும் கடையிலும் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். அதற்கே ஒரு மாசம் ஊரெல்லாம் என் பல்லை விசாரித்தது. அத்தை, என் மாமியார், எனக்கென்று தனியாகக் குழையக் குழையச் சோறு வடித்தார். என் எதிரே முறுக்கைக் கடிப்பதற்குக் கொழுந்தன் பெண்டாட்டி சங்கடப்பட்டாள். மனசு சரியில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு பொய்ப் பல்லுக்காக இவ்வளவு பரிவு காட்ட முடிந்தது.

கவுன்சலருக்கு முப்பது வயதிருக்கும். காட்டன் புடவை, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. மேசைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கற்கள். "சேச்சி, இன்றைக்கு உங்கள் மனசு எப்படியிருக்கிறதோ அப்படி ஒரு கல்லை எடுங்கள்" என்றாள் மலையாளத்தில். கைக்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தேன். அவள் அந்தக் கல்லை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நாலு எண்ணி மூச்சை இழுக்கவும், நாலு எண்ணிப் பிடிக்கவும், ஆறு எண்ணி விடவும் சொல்லிக்கொடுத்தாள். மூச்சு விட எனக்கு ஒரு வாத்திச்சி! சுவரில் சூரியோதயப் படம், அதன் கீழே ஆங்கிலத்தில் ஏதோ நல்ல வார்த்தை. இந்தச் சின்னப் பெண் எழுதித் தந்தால்தான் என் நாற்காலி எனக்குக் கிடைக்கும் என்பதை நினைக்க நினைக்க எரிச்சல் தாங்கவில்லை.

"வீட்டில் எப்படி?" என்று கேட்டாள்.

"வீட்டில் எல்லாம் சுகம்தான்."

வேறு என்ன சொல்ல முடியும்? எங்கள் வீடுகளில் கடைக் கணக்கைக்கூட வெளியாளுக்குக் காட்டிவிடுவார்கள், வீட்டுக் காரியத்தைக் காட்டமாட்டார்கள். தவிர, சொல்வதற்குத்தான் என்ன இருக்கிறது? அடிக்கிறாரா, குடிக்கிறாரா, ஒன்றும் இல்லை. காகிதம் கொடுக்கிறார்கள் என்று ஒருத்தி அழுதால் சிரிக்கமாட்டார்களா?

ஆனால் எதையாவது சொன்னால்தான் ரிப்போர்ட் எழுதுவாள். அதனால் ஆபீசைச் சொன்னேன். ஆபீசைத் திட்டினால் எல்லாரும் நம்புவார்கள், யாருக்கும் அவமானம் இல்லை. என் மலையாளம் ஆபீஸ் மலையாளம். அதில் நான் கொஞ்சியதில்லை, சண்டை போட்டதில்லை. காரணங்களைப் பத்தி பிரித்து வரிசையாகச் சொல்ல மட்டுமே அது எனக்குப் பழக்கம், அதில் பொய் சொல்வது ரொம்பச் சுலபம். ஆள் பற்றாக்குறை, ஆடிட் கேள்விகள், ஓயாத அவசரம் என்று தொடங்கி, கடைசியில் சூப்பிரண்டை எடுத்துக்கொண்டேன். எறும்பைக்கூட ஊதித் தள்ளிவிட்டு நடக்கிற மனுஷர். அவர் எல்லார் முன்னாலும் என்னைக் கேவலப்படுத்துவதாகவும், வேண்டுமென்றே என் மேசைக்கு ஃபைலைத் தள்ளுவதாகவும் மூன்று வாரம் விலாவாரியாகச் சொன்னேன். அவள் தலையாட்டித் தலையாட்டி எழுதினாள். எவ்வளவு எளிதாக ஏமாறுகிறாள் என்று படியிறங்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

மூன்றாவது முறை போய்வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"உன் டாக்டரம்மாவ நேத்து போயி ஒரு தடவ பாத்தேன்."

"எதுக்கு?"

"எதுக்காம்! நம்ம பக்கத்து காரியத்த ஒரு வாக்கு சொல்லி வைக்க வேண்டாமா? நல்ல பருத்த, எட்டு எம்எம் ஏலக்கா கால் கிலோ கொண்டு கொடுத்தேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மார்க்கெட்டில் எந்த வழக்கென்றாலும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார். பேச்சுக்கு உட்காருவதற்கு முந்தின நாளே இரண்டு பக்கத்துக்காரர்களும் தனித்தனியாக அவரைப் போய்ப் பார்த்து, கடைச் சரக்கில் நல்லதாகக் கொஞ்சம் சாம்பிள் கொடுத்து, தங்கள் பக்கத்தைச் சொல்லிவிட்டு வருவார்கள். அது லஞ்சமில்லை, முறை. என் கணவர் என் மனசையும் அப்படி ஒரு வழக்காக எண்ணி, நடுவரை முறைப்படி பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"என்ன சொன்னீங்க?"

"ஆபீஸ்தான் இவள இந்தப் பாடு படுத்துதுன்னு சொன்னேன். இருபது வருஷம் தீந்தாச்சு, வாலன்டரி ரிட்டயர்மென்ட் வாங்கிட்டா வீட்டுல சுகமா இருப்பா. அதுக்குத் தக்க ஒரு ரிப்போர்ட் கொடுத்தா பெரிய உபகாரம்னேன். அவங்க எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. நல்ல பொண்ணு."

"அதான் நல்லது" என்றார், மோரோடு அடுக்களையிலிருந்து வந்த அத்தை. வேலையை விடுவது என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்திருந்தது. "எதுக்கு அங்க போயி லோல்படணும்?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. பல் வலி என்று அத்தை நினைத்துக்கொண்டார்.

மறுநாள் கொழுந்தன் வந்தான். "மைனி, ஒரு சாதனம் காட்டணும், கடைக்கு வாங்க" என்றான். கடையின் மச்சுக்கு ஏணிப்படியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனான். வத்தல் மூட்டைகளை ஒதுக்கி இடம் பண்ணியிருந்தார்கள். அங்கே ஒரு புது மேசை. சுழலும் நாற்காலி, பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. தலைக்கு மேலே புது ஃபேன். மேசைமேல் ஒரு தட்டு, அதில் ஏற்கெனவே ஏழெட்டுக் காகிதம்.

"இனி எல்லாரும் இங்கயே வந்துக்கிடலாம்" என்றான், முகமெல்லாம் மலர்ந்து. "உங்கள ஆபீஸ்ல போன் விளிச்சு தொந்தரவு பண்ண வேண்டாம் அல்லே? இரிங்க மைனி, இருந்து நோக்குங்க."

மனசார, எனக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்திருந்தார்கள். அதனால்தான் எனக்கு அவர்கள்மேல் அவ்வளவு வெறுப்பு வந்தது. வத்தல் நெடியில் இருமல் வந்து, இருமலோடு அந்தப் பழைய மூச்சுத் திணறலும் வந்தது. நாலு எண்ணி இழுத்தேன், நாலு எண்ணிப் பிடித்தேன். அந்தப் பெண் கற்றுக்கொடுத்தது வேலை செய்ததே என்று அதற்கும் கோபம் வந்தது.

நான்காவது முறை குடும்பத்தில் ஒருவரும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தாள். என் கணவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, வழக்கு ஜெயித்த மாதிரி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் மலையாளத்தில் டைப் செய்த இரண்டு பக்கத்தை என் கையில் கொடுத்தாள்.

"இது டாக்டருக்குப் போக வேண்டிய குறிப்பு. நீங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்து, மாற்ற வேண்டியது இருந்தால் மாற்றுங்கள், சேச்சி."

படித்தேன். பணியிடத்தில் கடுமையான அழுத்தம். மேலதிகாரியின் தொடர்ந்த அவமதிப்பு. வீட்டுச் சூழல் ஆதரவானது. தற்போதைய பணியில் தொடர்வது உடல்நலத்துக்கு உகந்ததல்ல, விருப்ப ஓய்வைப் பரிசீலிக்கலாம். இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியம் வளவளவென்று இருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அந்த வாக்கியத்தை வெட்டி இரண்டாக்கினேன். பரிந்துரையைக் கடைசிக்குக் கொண்டுபோய், கீழே கோடிட்டு, மேலிடத்துக்குப் போகிற குறிப்பு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி ஆக்கினேன். நீட்டிய காகிதத்தைத் திருத்திக் கொடுத்தே பழகிய கை. அன்று ஆபீசில் நின்றுபோன அது, என்னை வேலையிலிருந்து அனுப்பும் குறிப்பை எழுதும்போது ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை.

"கண்டீங்களா? இவளுக்கு அஞ்சு நிமிஷ காரியம்" என்றார் என் கணவர் அவளிடம், பெருமையாக.

அப்போதுதான் நான் என்ன செய்து முடித்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அவர் ஏலக்காய் கொடுத்துச் சொன்னதும், நான் கெட்டிக்காரத்தனமாகச் சொன்ன பொய்யும் அந்தக் காகிதத்தில் அச்சு அசலாகப் பொருந்தி நின்றன. அந்தப் பெண்ணை முட்டாள் என்று மூன்று வாரம் சிரித்தேனே, அவள் இல்லை முட்டாள்.

"இது தப்பு" என்றேன் மலையாளத்தில். மேலே சொல்ல வாயைத் திறந்தால், "மேற்படி குறிப்பில் கண்ட விவரங்கள்" என்று வருகிறது. வெட்கக்கேடு. அவளை விட்டுவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினேன். தமிழில் வந்தது.

"ஆபீஸ்ல எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த சூப்பிரண்டு தங்கமான மனுஷன், அவரப் பத்தி நான் சொன்னது அத்தனையும் பொய். எனக்கு உங்க காகிதத்தக் கண்டாத்தான் மூச்சு முட்டுது. உங்க அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷமா என் ஆயுசு போச்சு. அந்த மச்சுல என்னக் கொண்டு வச்சீங்கன்னா நான் செத்துப் போயிருவேன். எனக்கு என் வேலைக்குப் போணும்."

அவர் மிரண்டுபோய்ப் பார்த்தார். "இத நீ எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"எப்ப சொல்ல? நீங்க வெறுங்கையோட என்கிட்ட வந்தது எப்ப?"

அழுதேன். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. சந்தையில் கூட்டத்தைக் கண்டு ஒதுங்கி நிற்பது போல என் அழுகை தீரட்டும் என்று காத்திருந்தார்.

கவுன்சலர் என் திருத்தங்களோடு அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டாள். "எனக்குத் தமிழ் நல்லா மனசிலாகும்" என்றாள். பிறகு மலையாளத்துக்கு மாறினாள். "வீட்டைப் பற்றி மூன்று முறை கேட்டேன், சேச்சி. மூன்று முறையும் ஒரே பதில். ஆபீசைப் பற்றி மணிக்கணக்கில் பேசினவர் வீட்டை ஒரு வரியில் முடித்ததால்தான் இதை உங்கள் கையில் கொடுத்துப் பார்த்தேன். வேறு எழுதுகிறேன்." கெட்டிக்காரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. என்னை வைத்து விளையாடியிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. இன்றைக்கும் அவள்மேல் எனக்குப் பிரியமொன்றும் இல்லை.

எழுந்தபோது அவள் அலமாரியைத் திறந்து, சணல் கட்டுப் பிரிக்காத ஏலக்காய்ப் பொட்டலத்தை எடுத்து என் கணவர் முன்னால் வைத்தாள். "இதைக் கொண்டுபோகணும், சார். அன்றைக்கு வைத்துவிட்டு ஓடிவிட்டீர்கள்."

மார்க்கெட்டில் சாம்பிள் திரும்பி வந்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். அவர் முகம் அப்படியே விழுந்தது. பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என்னை அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த என் அழுகையில் விளங்காதது, கால் கிலோ ஏலக்காயில் அவருக்கு விளங்கியது. இப்படிப்பட்ட மனுஷரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

கவுன்சலரின் புதுக் குறிப்பைப் பார்த்து டாக்டர் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை வேலையில் சேர்ந்ததாக ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். முதல் எழுத்தில் மட்டும் கை கொஞ்சம் இழுத்தது. சூப்பிரண்டு வந்து, "சுகமாயோ?" என்று விசாரித்துவிட்டு, என் மேசையின் பாதி ஃபைல்களைத் தானே எடுத்துக்கொண்டு போனார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு போன் அடித்தது. என் கணவர். எடுத்தேன்.

"சாப்பிட்டியா?"

"மணி பதினொண்ணு."

"சரி, சரி. சும்மா விளிச்சேன்."

காகிதத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. பின்னால் கடைச் சத்தத்துக்கு நடுவே கொழுந்தனின் குரல் கேட்டது. ஏதோ நோட்டீசை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத்தடுமாறி, பாதியைத் தப்பாக. அது என்ன நோட்டீஸ், எந்த ஆபீஸ், எத்தனை நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வச்சிரட்டா?" என்றேன்.

"வை" என்றார் அவர்.

தப்பாகவே படித்துத் தொலையட்டும் என்று வைத்துவிட்டேன்.